நம்ம ரத்தத்துல சக்தி இல்லையா, டீச்சர்?
கடும் மலேரியாவும் நோய் எதிர்ப்பு மரபணுக்களும்: ஆசிரியர்களுக்கான ஒரு விளக்கம்



ஆறாம் ஆண்டு அறிவியல் வகுப்பில் நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி. பிள்ளைகளில் பலருடைய கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எல்லாரும் பால்மரம் வெட்டிய குடும்பம். டிங்கி, கொசு என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அந்தக் காலத்துல தோட்டத்துல நம்ம ஆளுங்கதான் மலேரியாவுல நிறைய செத்தாங்கன்னு பாட்டி சொன்னாங்க. அப்போ நம்ம ரத்தத்துல சக்தி இல்லையா?"

வகுப்பே அமைதியாகிவிட்டது. "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். மரபணுவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் பொய். தொடர்பு உண்டு என்று சொல்லி நிறுத்தினால், "அப்போ நாம வீக்தான்" என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். அதைவிடப் பெரிய பொய் வேறில்லை.

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வகுப்பிலும் இந்தக் கேள்வி வரலாம்.

மலேரியா எப்போது கடுமையாகிறது?

மனிதனைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணிகளில் ஆபத்தானது பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம். அனோஃபிலஸ் பெண் கொசு கடிக்கும்போது அதன் எச்சிலோடு ஒட்டுண்ணி உடம்புக்குள் நுழைகிறது. முதலில் நேராகக் கல்லீரலுக்குப் போகும். அங்கே ஏறக்குறைய ஒரு வாரம் சத்தமில்லாமல் பெருகும். அப்போது காய்ச்சல் கூட இருக்காது. பிறகு ஆயிரக்கணக்கில் வெளியே வந்து சிவப்பணுக்களுக்குள் புகுந்துகொள்ளும். அப்போதுதான் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது காய்ச்சலோடு போய்விடும். சிலருக்கு மட்டும் விபரீதமாகிறது. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு அடைப்பை உண்டாக்கும். மூளையில் அப்படி நடந்தால் பிள்ளை நினைவிழந்துவிடும். அதுதான் மூளை மலேரியா. சிவப்பணுக்கள் ஏராளமாக அழிந்தால் கடும் இரத்தசோகை. சிலருக்கு மூச்சுத்திணறல்.

இன்றைக்கும் உலகத்தில் மலேரியாவால் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 லட்சம் பேர் இறக்கிறார்கள். பெரும்பகுதி ஆப்பிரிக்காவில். அங்கே இறப்பவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஒரே கிராமம், ஒரே மாதிரிக் கொசுக்கடி. ஒரு பிள்ளை மூன்று நாளில் எழுந்து விளையாடுகிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கிறது. ஏன்? இந்தக் கேள்விதான் மரபணு ஆய்வாளர்களை இழுத்துக்கொண்டு போனது.

சம்பாதித்த எதிர்ப்பு, பிறவி எதிர்ப்பு

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். மலேரியாவுக்கு எதிரான சக்தி இரண்டு வழியில் வருகிறது.

ஒன்று, சம்பாதிப்பது. திரும்பத் திரும்ப நோய் வந்து போகப் போக உடம்பு கற்றுக்கொள்கிறது. மலேரியா அதிகமுள்ள ஊரில் பிறந்து, சின்ன வயதில் பிழைத்துக்கொண்ட பிள்ளைக்குப் பிறகு கடும் மலேரியா வருவது குறைவு. ஆனால் இந்தச் சொத்தைப் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. தாயின் எதிர்ப்புப் பொருள்கள் சில மாதங்கள் மட்டும் குழந்தையைக் காக்கும். அப்புறம் அது தானே கற்றுக்கொள்ள வேண்டியதுதான். சின்னக் குழந்தைகள் அதிகம் இறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, பிறவியிலேயே வருவது. அப்பா அம்மாவிடமிருந்து வரும் மரபணுக்களில் சில, ஒட்டுண்ணியை எதிர்கொள்ளும் விதத்தை மாற்றுகின்றன. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

அணுவின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை

நோய் எதிர்ப்பு மரபணுக்களில் பெயர்பெற்றது எச்எல்ஏ என்ற குடும்பம். சிறுநீரகம் தானம் செய்யும்போது "மேட்ச் ஆகுதா" என்று பார்க்கிறார்கள் இல்லையா, அதில் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான்.

பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம். நம் உடம்பின் ஒவ்வோர் அணுவும் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறது. உள்ளே தயாராகும் புரதங்களின் சின்னச் சின்னத் துண்டுகளை அதில் மாட்டி வைக்கும். ரோந்து போகும் டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் பலகையைப் பார்த்துக்கொண்டே போகும். நம்முடைய துண்டு மட்டும் இருந்தால் பேசாமல் போய்விடும். அந்நியத் துண்டு தெரிந்தால், "உள்ளே எவனோ இருக்கான்" என்று அந்த அணுவையே அழித்துவிடும். அந்தப் பலகைதான் எச்எல்ஏ.

எல்லாருடைய பலகையும் ஒன்றல்ல. எச்எல்ஏ மரபணுக்களுக்கு ஆயிரக்கணக்கான வடிவங்கள் உண்டு. அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி. ஒருவருடைய பலகையில் ஒரு கிருமியின் துண்டு நன்றாகப் பொருந்தி நிற்கும். இன்னொருவருடையதில் நிற்காமல் விழுந்துவிடும்.

மலேரியாவில் இங்கேதான் சுவாரசியம். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. டி அணுக்கள் படிக்கக்கூடிய பலகையும் கிட்டத்தட்ட இல்லை. ஒட்டுண்ணி அங்கே ஒளிந்துகொண்டால் டி அணுக்களால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாரம் கல்லீரல் அணுவில் தங்குகிறதே, அந்த அணுவுக்குப் பலகை உண்டு! மாட்டிக்கொண்டால் அங்கேதான் மாட்டும்.

1991-ல் ஏட்ரியன் ஹில்லும் அவருடைய குழுவினரும் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் குழந்தைகளிடம் நடத்திய பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். எச்எல்ஏ-பி53 என்ற வடிவம் உள்ள குழந்தைகளுக்குக் கடும் மலேரியா வரும் ஆபத்து சுமார் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. அடுத்த ஆண்டே, ஒட்டுண்ணி கல்லீரலில் இருக்கும்போது தயாரிக்கும் ஒரு புரதத்தின் துண்டை பி53 பலகை ஏந்தி நிற்கிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். இந்த வடிவம் மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலாக இருப்பதும், ஐரோப்பியரிடமும் சீனரிடமும் அரிதாக இருப்பதும் தற்செயல் அல்ல, பல தலைமுறையாக மலேரியா செய்த தேர்வாக இருக்கலாம் என்பது அவர்களுடைய கருத்து.

எதிர்ப்பு மிஞ்சினாலும் ஆபத்து

"எதிர்ப்பு சக்தி அதிகமா இருந்தா நல்லதுதானே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். எப்போதும் அப்படி இல்லை.

உடம்பு கிருமியோடு சண்டை போடும்போது டிஎன்எஃப் என்ற ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. காய்ச்சல் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். அளவோடு இருந்தால் ஒட்டுண்ணியை அடக்கும். மிஞ்சினால் நம்முடைய திசுக்களையே கெடுக்கும். காம்பியாவில் 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், டிஎன்எஃப் மரபணுவின் குறிப்பிட்ட ஒரு வடிவத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைகள், மூளை மலேரியாவால் இறக்கவோ கடுமையான நரம்புப் பாதிப்பு அடையவோ 7 மடங்கு ஆபத்தில் இருந்ததாகக் கண்டார்கள்.

இன்னொரு எடுத்துக்காட்டு நம் பக்கத்துக்கு நெருங்கியது. எதிர்ப்பு அணுக்களுக்கு பிரேக் போடும் ஒரு மரபணு இருக்கிறது. பெயர் எஃப்சிஜிஆர்2பி. அந்த பிரேக் சரியாகப் பிடிக்காத ஒரு வடிவம் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஐரோப்பாவைவிட அதிகம். 2010-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அந்த வடிவத்தை இரட்டையாகப் பெற்ற கெனியக் குழந்தைகளுக்குக் கடும் மலேரியா குறைவு என்று காட்டியது. அதே வடிவம் லூபஸ் நோய்க்கான ஆபத்தைக் கூட்டுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்புப் படை நம்மையே தாக்கும் நோய். மலேரியாக் காட்டில் உயிரைக் காப்பாற்றிய ஒன்று, மலேரியா இல்லாத நகரத்தில் சுமையாக மாறலாம்.

ஆகவே "நல்ல மரபணு", "கெட்ட மரபணு" என்று பிரித்துப் பேசுவதையே வகுப்பில் தவிர்த்துவிடலாம். எந்த ஊரில், எந்த நோய்க்கு என்று கேட்கப் பழக்கினால் போதும்.

'கூடும்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்

பாடநூலில் ஒரு வரியாக வரும்போது எல்லாமே முடிந்துபோன உண்மை மாதிரித் தெரியும். இந்தத் துறை அப்படி இல்லை. சின்னச் சின்ன ஆய்வுகளில் பளிச்சென்று தெரிந்த பல தொடர்புகள், பெரிய ஆய்வுகளில் மங்கிப்போயின.

2014-ல் மலேரியாஜென் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா பகுதிகளில் 12 இடங்களிலிருந்து 11,890 கடும் மலேரியா நோயாளிகளின் மரபணுத் தகவலைச் சேர்த்துப் பார்த்தது. முன்பு பேசப்பட்ட 27 மரபணுப் பகுதிகளைச் சோதித்தார்கள். உறுதியாக நின்றவை ஐந்தே ஐந்து. அவற்றில் நான்கு சிவப்பணுவோடு தொடர்புள்ளவை: அரிவாள் அணு, ஏபிஓ இரத்த வகை, ஜி6பிடி, ஏடிபி2பி4. எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தது சிடி40 லைகாண்ட் என்ற ஒன்றுதான். டிஎன்எஃப் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. எச்எல்ஏ பகுதியும் பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் அவ்வளவு உறுதியாக எழுந்து வரவில்லை.

அப்படியானால் 1991 ஆய்வு வீணா? இல்லை. எச்எல்ஏ ஊருக்கு ஊர் மாறும், ஒட்டுண்ணியின் வகையும் ஊருக்கு ஊர் மாறும். காம்பியாவில் பொருந்தியது வேறிடத்தில் பொருந்தாமல் போகலாம். கல்லீரல் கட்டத்திலேயே ஒட்டுண்ணியை மடக்கலாம் என்ற சிந்தனைக்கு அந்த ஆய்வு வலுச்சேர்த்தது. அதே ஏட்ரியன் ஹில் பின்னாளில் ஆக்ஸ்ஃபர்டில் ஆர்21 என்ற மலேரியா தடுப்பூசியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2023 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கு அதைப் பரிந்துரைத்தது. தயாரிப்பது இந்தியாவின் புனேயில் உள்ள சீரம் நிறுவனம்.

நம் ஊரில் தெரிந்த சில பெயர்கள்

சிவப்பணுவோடு தொடர்புள்ள மரபணுக்கள் உண்மையில் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை படைவீரர் மாதிரி இல்லை. ஒட்டுண்ணி குடியேற முடியாதபடி வீட்டையே மாற்றிக் கட்டியது மாதிரி. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள், கவனம்.

இவற்றில் சில மலேசியப் பெற்றோருக்குப் பழக்கமான பெயர்கள்தான். இங்கே பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி சோதனை செய்கிறார்கள். நான்காம் படிவ மாணவர்களுக்குத் தாலசீமியா பரிசோதனை நடக்கிறது. இரண்டுமே, மலேரியா நிலவிய நிலங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேர்வாகி வந்த மாற்றங்கள் என்பது அறிவியலாளர்களின் கணிப்பு.

மலாய்க்காரரிடமும் பூர்வகுடியினரிடமும் சிவப்பணு முட்டை வடிவில் இருக்கும் தென்கிழக்காசிய ஓவலோசைட்டோசிஸ் என்ற தன்மை காணப்படுகிறது. பாப்புவா நியூகினியில் 1999-ல் வெளிவந்த ஆய்வில் மூளை மலேரியா வந்த 68 குழந்தைகளில் ஒருவருக்குக்கூட அது இல்லை. ஒப்பிட்டுப் பார்த்த 68 குழந்தைகளில் 6 பேருக்கு இருந்தது. தமிழ்நாட்டிலும் உதாரணம் உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணு மரபணு இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது. அதை ஒற்றையாகப் பெற்றவருக்குக் கடும் மலேரியாவிலிருந்து பெரும் பாதுகாப்பு. இரட்டையாகப் பெற்றால் அது வாழ்நாள் நோய்.

மரபணுவின் பங்கு எவ்வளவு?

கெனியாவின் கிலிஃபி மாவட்டத்தில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மலேரியாவால் மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பில் பிள்ளைகளுக்கிடையே காணப்பட்ட வேறுபாட்டில் சுமார் கால் பங்குக்கு மரபணுக்கள் காரணம். அரிவாள் அணுவின் பங்கு அதில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். மீதியைப் பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இன்னொரு பக்கம் பாருங்க. முக்கால் பங்கு மரபணு அல்ல! வீடு எங்கே இருக்கிறது, கொசு எங்கே முட்டையிடுகிறது, மருந்து எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது, எத்தனை தடவை முன்பு நோய் வந்தது, வெறும் அதிர்ஷ்டம் எல்லாமே அதில் அடக்கம். இது கூட்டத்துக்கான கணக்கு என்பதையும் சொல்லிக் கொடுங்கள். "இந்தப் பிள்ளையின் காய்ச்சலில் கால் பங்கு மரபணு" என்று அதற்குப் பொருள் இல்லை.

1901, கிள்ளான்

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். அவளுக்குப் பதில் அவள் குடியிருக்கும் ஊரிலேயே இருக்கிறது.

1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் அரசாங்க மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். சதுப்பும் காடும் சூழ்ந்த சின்ன நகரம். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான்தான் அது. திறந்த கையோடு தொழிலாளர்களை மலேரியா வாரிச் சுருட்டியது. அந்த ஆண்டில் கிள்ளானிலும் துறைமுகத்திலுமாகக் காய்ச்சலில் இறந்தவர்கள் 368 பேர்.

மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதற்கான தடயத்தை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்து அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பினார். காட்டை வெட்டச் சொன்னார், வடிகால் தோண்டச் சொன்னார், சதுப்பை வற்றவைக்கச் சொன்னார். 1902-ல் காய்ச்சல் சாவுகள் 59. 1905-ல் 45.

ஒரே ஆண்டில் 368-லிருந்து 59! அந்த ஒரு வருஷத்தில் கிள்ளான் மக்களின் மரபணு மாறிவிட்டதா? மாறவில்லை. மாறியது லோங்காங்கும் காடும்தான்.

தோட்டங்களின் கதையும் அப்படித்தான். வாட்சன் லயம் லயமாகப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று கணக்கெடுத்தார். நம் பெரியவர்கள் காய்ச்சல் கட்டி என்று சொன்னது அதைத்தான். கொசு பிறக்கும் இடத்துக்குப் பக்கத்து லயங்களில் வீங்கிய பிள்ளைகள் அதிகம்; தள்ளியிருந்த லயங்களில் குறைவு. இங்கேயும் தமிழ்ப் பிள்ளைகள், அங்கேயும் தமிழ்ப் பிள்ளைகள். வித்தியாசம் லயம் கட்டிய இடத்தில் இருந்தது.

மலைச்சரிவுத் தோட்டங்களில் இன்னொரு கொடுமை. அங்கே காட்டை வெட்டினால் மலேரியா கூடியது. வெயில் படும் தெளிந்த ஓடைகளில் பெருகும் அனோஃபிலஸ் மாகுலாட்டஸ் கொசுவுக்கு, காடு வெட்டிய சரிவுகள் சொர்க்கம். அங்கே ஓடைகளை நிலத்தடிக் குழாய்க்குள் விட வேண்டியிருந்தது, எண்ணெய் தெளிக்க வேண்டியிருந்தது. கப்பலில் வந்து இறங்கிய புது ஆட்களிடம் இந்த மண்ணின் மலேரியாவுக்கு எதிராகச் சம்பாதித்த எதிர்ப்பு இல்லை. அவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்ததோ கொசு பிறக்கும் ஓடைக்கரையில்.

ஆகவே அவளுக்கு என் பதில் இது: "இல்லம்மா, நம்ம ரத்தத்துல குறை இல்ல. ஒரே லயத்துல இருந்த ரெண்டு பிள்ளையில ஒண்ணுக்கு மட்டும் ஏன் கடுமையாச்சுன்னு கேட்டா, மரபணுவும் ஒரு காரணமா இருக்கக்கூடும். ஆனா அந்த லயத்துல ஏன் அத்தனை பேர் செத்தாங்கன்னு கேட்டா, கொசுவுக்குப் பக்கத்துல வீட்டக் கட்டினதுதான் காரணம்."

வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம்?

1. கணிதத்தோடு இணைக்கலாம். 368, 59, 45 என்ற எண்களைக் கொடுத்து, 1901-லிருந்து 1902-க்கும் 1905-க்கும் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று கணக்கிடச் சொல்லுங்கள். விடை சுமார் 84, 88.

2. பலகை விளையாட்டு. வட்டம், சதுரம், முக்கோண ஓட்டை வெட்டிய அட்டைகளைத் தயார் செய்யுங்கள். ஒவ்வொரு மாணவரும் "அம்மா" பெட்டியிலிருந்து ஒன்று, "அப்பா" பெட்டியிலிருந்து ஒன்று எடுக்கட்டும். பிறகு ஒரு கிருமித் துண்டைக் காட்டுங்கள். யாருடைய அட்டையில் பொருந்துகிறது? அடுத்து வேறு வடிவத் துண்டு. முதலில் தோற்றவர் இப்போது ஜெயிப்பார். வகுப்பில் எல்லாரிடமும் ஒரே அட்டை இருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வேற்றுமை ஏன் பலம் என்பது தானாகப் புரியும்.

3. இன்றைய நிலையைச் சொல்லுங்கள். மலேசியாவில் 2018 முதல் மனித மலேரியா உள்ளூரில் பரவியதாகப் பதிவு இல்லை. ஆனால் குரங்கிலிருந்து வரும் நோலெசி வகை மலேரியா இன்னும் இருக்கிறது, உயிரும் போகிறது. அதிகம் சபா, சரவாக்கில். காடு, தோட்டம் என்று வேலைக்குப் போகும் பெரியவர்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. காட்டுப்பக்கம் முகாம் போய்வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

4. பாட்டி தாத்தாவிடம் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். கொயினா மாத்திரை, லயத்து ஆஸ்பத்திரி, மருந்தடிக்க வந்தவர்கள் பற்றி இன்னும் சிலருக்கு நினைவிருக்கும். அதை எழுதி வைத்தால் அது பள்ளிக்கு ஒரு சொத்து.

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். அவளுக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலை, அடுத்து கை தூக்கும் பிள்ளைக்கு நீங்கள் சொல்லிவிடுங்கள்.